சாவித்திரியின் பெட்டி ஒழுகவில்லை

அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கட்டுகிற பையன்களிடம் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. எவனாவது டியூப் மூட்டில் பிட்டிங்கைச் சரியாக முறுக்காமல் வேலையை முடித்தால், "இன்னாடா, சாவித்திரி வேலையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதில் பாதிப் பேர் அவளைக் கண்ணால் பார்த்தது கிடையாது. நான் பக்கத்தில் டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாயைத் திறக்க முடியாது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துபோயிருக்கிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒருத்தனை அறைந்துவிட்டேன். எதற்கு அறை விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை, சுற்றி நின்றவர்களுக்கும் தெரியவில்லை. "பெருசு காலையிலேயே ஊத்திகினு வந்துடுச்சி" என்று என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள்.

போன மாசியில் வெள்ளானூர் ரவிச்சந்திரன் செத்தான். வெளிவட்டச் சாலையில் லாரி ஏறிவிட்டது. நல்ல சாவு என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்குக் குறைச்சல் என்றுதான் சொல்வேன். இனிமேல் நடந்ததைச் சொல்லலாம். சொன்னால் அதற்காக யாரையும் அடிக்க இனி அவன் இல்லை. நான் எட்டாவதைத் தாண்டாதவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும். விஷயம் முன்னே பின்னே இருக்காது.

என் பெயர் பக்தவத்சலம். தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை. என் கடைக்கு மேல் அறையைச் சாவித்திரி வாடகைக்கு எடுத்தாள். அவள் முதல்முதலாகப் படி இறங்கி வந்ததே சண்டைக்குத்தான். நான் காப்பர் பைப்புக்குப் பத்தவைப்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

"யோவ், உன் பொகையெல்லாம் என் போர்டு மேல படியுதுய்யா!"

"பொகை மேலதாம்மா போவும். நான் இன்னா அதுக்கு வழியா காட்டி வுட்டேன்?"

பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரை எடுத்து என் டார்ச்சின்மேல் ஊற்றினாள். பாதி என்மேல். நான் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அவள் பின்வாங்கவில்லை. குள்ளமான உருவம், சுடிதார் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தாள். அடிப்பதென்றால் அடி என்பதுபோல நின்றாள். அதே நேரம் அவள் கண் என் மேஜைமேல் இருந்த வளைத்த பைப்புக்குப் போயிற்று.

"இத யாரு வளைச்சது?"

"ஏன், உங்கப்பனா வந்து வளைச்சான்? நான்தான்."

"வளைச்ச எடத்துல சப்பவே இல்லியே."

"உள்ள மணலு ரொப்பி வளைச்சா சப்பாது."

"அண்ணே," என்றாள் உடனே. யோவ் எல்லாம் போய்விட்டது. "இதே மாதிரி எனக்கு ரெண்டு வளைச்சிக் குடு அண்ணே."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கட்டியது தண்ணீரில் குளிரும் கம்ப்யூட்டர். எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கரண்டு ஓடுகிற பெட்டிக்குள் எவனாவது தண்ணீர் விடுவானா? அவள் விளக்கினாள். வேன் எஞ்சினுக்கு ரேடியேட்டர் மாதிரிதான். வேகமாக வேலை செய்கிற சில்லு சுடும். அதன் தலையில் ஒரு செம்புக் கட்டியை உட்காரவைப்பார்கள். அதை அவள் பிளாக் என்பாள். பிளாக்கின் உள்ளே முடி மாதிரி மெல்லிய வரிகள். அவற்றுக்கு நடுவில் தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும், ஆறும், டேங்குக்கு வரும், பம்பு மறுபடி தள்ளும். நிற்காமல் சுற்றவேண்டும். வீடியோ எடிட் பண்ணுகிறவர்கள், படத்துக்குக் கிராபிக்ஸ் செய்கிறவர்கள், ஐடி பிளாட்டுகளில் விளையாட்டுப் பைத்தியங்கள், இவர்கள்தான் அவளுடைய பார்ட்டிகள்.

கட்டி முடித்ததும் உடனே கொடுக்க மாட்டாள். ஒவ்வொரு மூட்டிலும் டிஸ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, மற்ற எதற்கும் கரண்டு கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டுவாள். ஒரு முழு நாள் ஓடும். பேப்பரில் ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் எல்லாவற்றையும் பிரித்துவிடுவாள். "என் பொட்டி ஒழுகாது" என்பாள். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. அந்தச் சொல்தான் பலகை.

அவள் அப்பா ஆவடியில் டாங்கி பேக்டரியில் இருந்தவர். குவாட்டர்ஸில் வளர்ந்தாள். டிப்ளமோவைப் பாதியில் விட்டு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போர்டுக்குச் சால்டர் வைக்கப் போனாள். சம்பத் என்று ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் அடித்தான். சாம்பார் ஆறினால் அடி, அவள் சம்பளம் வாங்கிய நாள் அடி, வாங்காத நாளும் அடி. ரொம்ப நாள் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து சூட்டோடு எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவன் காது இருந்த இடத்தில் இப்போது ஒரு கருவடாம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு தம்பி ராகேஷோடு தனியாக இருந்தாள். அவனும் அவளோடு கடையில்தான் வேலை செய்தான். மீசை வைத்த ஆம்பிளை, ஆனால் அக்காவைக் கண்டால் நடுக்கம்.

ஒரு தடவை பிளாட்டில் ஒருத்தன், மெஷினை மாட்டிக்கொண்டிருந்தவளின் இடுப்பில் கை வைத்தான். கையில் இருந்த ரேடியேட்டரால் முகத்தில் ஒன்று போட்டாள். அதன் வரிகள் அவன் கன்னத்தில் சீப்பு சீவினாற்போல் ஒரு வாரம் இருந்ததாம். திரும்பி வந்து ரேடியேட்டர் வளைந்துவிட்டதே என்றுதான் என்னிடம் அழுதாள்.

"ஏம்மா, உனுக்கு வாயே கெடையாதா? எதுக்கெடுத்தாலும் கைதானா?" என்று கேட்டேன்.

"வாய வச்சிகினு இருந்தேன்ல அண்ணே, சம்பத்துகிட்ட. இன்னா கெடச்சுது?" என்றாள். அப்புறம் சொன்னாள்: "அடி வாங்குற பொம்பளைய எனக்கு நடையிலேயே தெரியும். நடு ஊட்டுல நடக்க மாட்டா. செவுத்த ஒட்டிகினே போவா. நான் அப்படித்தான் போவேன்."

இந்த ரவிச்சந்திரனுக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தொழில். வெள்ளானூரில் புது வீடு, மாடியில் ஸ்டுடியோ. வட்டம் என்று எல்லாரும் சொல்கிற வட்டச் செயலாளர் வரைக்கும், கட்சிக்காரர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் அவனுக்குத்தான். கூடவே எப்போதும் இரண்டு தடியன்கள். லைட் பிடிப்பவர்கள் என்று சொல்வான். லைட் பிடித்து நான் பார்த்ததில்லை. அவனுடைய மெஷினைச் சாவித்திரிதான் கட்டியிருந்தாள். புரட்டாசியில் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்து, பழசை எடுத்துவிட்டு இதைப் போடு என்றான். அதற்காகத் தண்ணீர் வழியை முதலிலிருந்து மாற்றிக் கட்டவேண்டியிருந்தது.

"சார், இந்தக் கார்டு ரொம்ப சுடும். காப்பர் டியூப் போட்டுக்கலாம். பிளாஸ்டிக்கு சூட்டுல எளகும்," என்றாள்.

"காப்பர்லாம் எங்கூட்டு பாத்ரூம்ல கீது. எனுக்கு கண்ணாடி மாரி டியூப்பு வேணும். தண்ணி செவப்பா ஓடணும், ரத்தம் ஓடுற மாரி. பார்ட்டி வந்து பாத்தா மெரளணும்."

"எளகிச்சினா?"

"எளகாம பாத்துக்கறதுக்குத்தான் உன்னிய வச்சிகினு கீறேன்?"

சரியென்று அவன் கேட்டபடியே செய்தாள். ஆனால் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் கத்துகிற ஒரு பஸ்ஸரை வைத்தாள். டிஸ்யூ சுற்றி ஒரு நாள் ஓட்டினாள். நானே பார்த்தேன், பேப்பர் காய்ந்த சருகாக இருந்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

ஐப்பசி கடைசியில் மழை விட்டு ஒருநாள். சாவித்திரி ஒரு பார்ட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். கடை வாசலில் வேன் வந்து நின்றது. தடியன்கள் இரண்டு பேரும் மேலே போனார்கள். ஏதோ உடைகிற சத்தம். ராகேஷைப் படியில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அவன் தலை இடித்தது. நான் குறுக்கே போனேன். ஒருத்தன் என் விலாவில் உதைத்தான். என் காஸ் சிலிண்டர்மேலேயே போய் விழுந்தேன். எழுந்திருப்பதற்குள் வேன் போய்விட்டது.

சாவித்திரி திரும்பி வரும்போது அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ரவிச்சந்திரன்.

"வட்டம் பொண்ணு கல்யாணம் மொத்தமும் தண்ணில பூட்ச்சிடி. உன் பொட்டி ஒழுகி ஹார்டு டிஸ்க்கு எல்லாம் எரிஞ்சிடுச்சி. அந்தாளு என்னை வெட்டிப் போட்ருவான். அதுக்கு முன்ன நான் உன் தம்பிய வெட்றேன். வந்து பாரு."

"என் பொட்டி ஒழுகாது," என்றாள் சாவித்திரி.

அந்தப் பக்கம் ஒரு சத்தம். ராகேஷ் அலறினான். அவள் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஒழுகி இருக்காது அண்ணே. வேற இன்னாவோ நடந்து கீது. அதக் காமிச்சிட்டா வுட்ருவான். காமிச்சி ராகேஷ கூட்டியாந்துடலாம்."

மாடி ஏறினோம். ராகேஷ் தரையில் கிடந்தான். கேமரா ஒயரால் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் ஒன்றாக இழுத்துக்கொண்டு ஒழுகிற்று. அவனுக்குப் பக்கத்தில் அந்த மெஷின், கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளும் சிவப்பாக வழிந்து, தரையெல்லாம் சிவப்பு. எது தண்ணீர், எது ராகேஷ் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தடியன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான்.

"பாரு," என்றான் ரவிச்சந்திரன். "நல்லா பாத்து சொல்லு. தப்பு யாரு மேல? என் மேலயா?"

சாவித்திரி குந்தி உட்கார்ந்தாள். டியூப் ஒன்று பிட்டிங்கிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியை விரலால் அழுத்திப் பார்த்தாள். வெந்த சேமியா மாதிரி கோணியிருந்தது. எனக்கே புரிந்தது. தண்ணீர் ஓடாமல் நின்று கொதித்திருக்கிறது, டியூப் இளகிக் கழன்றிருக்கிறது, டிஸ்க்மேல் கொட்டியிருக்கிறது. பஸ்ஸரின் ஒயர் பிடுங்கிக் கிடந்தது.

"இத யாரு புடுங்கனது?"

"நான்தான். எடிட்டு பண்ணுறப்ப கீ கீனு கத்திகினே இருந்தா மனுசன் வேல பாக்கறதா இல்லியா?"

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பாதி ஜெயித்தாயிற்று. தண்ணீர் ஏன் நின்றது என்று காட்டவேண்டியதுதான் பாக்கி. பிராசஸர்மேல் இருந்த பிளாக்கைக் கழற்றித் தன் மடியருகில் வைத்து மூடியைத் திறந்தாள்.

நான் நின்ற இடத்திலிருந்து அவள் தோளுக்கு மேலாக எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த மெல்லிய வரிகளுக்குள் சேறு மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. குங்குமம். ஓரத்தில் மஞ்சள். பச்சைக் கற்பூர வாசனை லேசாக எழுந்தது, சாமி அறைக் கதவைத் திறந்தாற்போல.

அதே நேரம் ரவிச்சந்திரன் பெண்டாட்டி வனஜா காபி டம்ளர்களோடு உள்ளே வந்தாள். அவ்வளவு பெரிய அறை, நடுவில் வழி இருந்தது. அவள் சுவரை ஒட்டிக்கொண்டே வந்தாள். உதடு வீங்கியிருந்தது. திறந்த பிளாக்கைப் பார்த்தாள். தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின.

பிற்பாடு வனஜாவே என்னிடம் சொன்னாள். ஆயுத பூஜை அன்று வீட்டில் கேமரா, லைட், கார், தையல் மிஷின், அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. இந்த மெஷினை மட்டும் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவன் சொல்லியிருந்தான். கண்ணாடியில் வைத்தால் கறை படியும், அதற்கும் அடி விழும். ஆனால் வீட்டுக்குச் சோறு போடுகிற மெஷினே அதுதான். அதை மட்டும் பொட்டில்லாமல் விடுவதா? மேலே மூடி போட்ட டேங்கு, உள்ளே தண்ணீர். கலசம் மாதிரிதானே இருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. அவன் குளிக்கப் போன நேரத்தில் மூடியைத் திருகி, கலசத்துக்குப் போடுகிற மாதிரியே மஞ்சள், குங்குமம், பச்சைக் கற்பூரம் போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடிவிட்டாள். தண்ணீர்தான் ஏற்கெனவே சிவப்பாயிற்றே, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அங்கே அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் குங்குமத்தைச் சாவித்திரி போட்டிருக்க மாட்டாள் என்று தெரியும். "டேய், இதப் பாரு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

சாவித்திரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தோசைக்கல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வனஜா உதட்டைப் பிரித்தாள். "என்னாங்க, அது வந்து…"

"காபில சக்கர கீதா?" என்று சாவித்திரி கத்தினாள். "எனுக்கு சக்கர ஆவாது. போ, வேற போட்டு எடுத்தா. நிக்காத, போ!"

வனஜா போனாள். சாவித்திரி துப்பட்டாவைச் சுருட்டி அந்த வரிகளை அழுத்தித் துடைத்தாள். துடைத்த துணியைப் பைக்குள் திணித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"என் தப்புதான் சார்," என்றாள். "அவசரத்துல பிட்டிங்க முறுக்காம வுட்டுட்டேன்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் கேட்டேன். விலாவில் வாங்கிய உதை எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"முறுக்காம வுட்டியா," என்றான் ரவிச்சந்திரன் மெதுவாக. தடியன்களைப் பார்த்தான். "கேட்டுக்குங்கடா. பின்னால வட்டம் கேட்டா சொல்லணும். அவளே ஒத்துகினா." பிறகு அவளிடம், "எந்தக் கையால முறுக்குவே?"

"மொதல்ல அவன அவுத்து வுடு. அப்பறம் காட்றேன்."

"பேரம் பேசுறியா?"

"ஆமா."

அவன் சிரித்தான். ராகேஷின் கட்டை அவிழ்த்து ஒரு தடியன் அவனைப் படி வரைக்கும் இழுத்துப்போய்த் தள்ளினான். கீழே போய் விழுந்து அவன் எழுந்திருக்கிற சத்தம் கேட்கும்வரை சாவித்திரி காத்திருந்தாள். பிறகு வலது கையை எடிட்டிங் மேஜைமேல் வைத்தாள், விரல்களை விரித்து.

ரவிச்சந்திரன் லைட் ஸ்டாண்டின் இரும்பு அடியை எடுத்தான். நான் என் கழுத்தைப் பிடித்திருந்தவனின் மணிக்கட்டைக் கடித்தேன். சதை வாயோடு வந்தது. அவன் என் முகத்தைச் சுவரில் மோதினான், மறுபடி மோதினான். முதல் அடியை நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி. இரண்டாவதைப் பார்த்தேன். சாவித்திரி அலறவில்லை என்று சொன்னால் பொய். தெருவே கேட்க அலறினாள். அலறலுக்கு நடுவில் அவன் அம்மாவையும் அப்பனையும் அவனுக்கு முந்தின ஏழு தலைமுறையையும் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் தம்பியைத் திரும்பத் தூக்கிவருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குக் கை ஓய்கிற வரைக்கும் அடித்தான்.

"போடி," என்றான் கடைசியில், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு பெங்களூர்லேந்து ஆளு வரான். மெஷின மொத்தமா பிரிச்சி அவன் சரி பண்ணுவான். உன்னிய இனிமே இந்தப் பக்கம் பாத்தேன், மிச்சக் கையும் கெடையாது."

ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, இரும்பு விழுந்துவிட்டது என்றாள். ராகேஷ் மாடியிலிருந்து விழுந்தான் என்றாள். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் நம்பாது. நான் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போகலாம் வா என்று குதித்தேன்.

"ஸ்டேஷனுக்குப் போனா மெஷின எடுத்தாந்து பிரிப்பாங்க அண்ணே. பிரிச்சா உள்ள இன்னா கீதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொண்ணு அன்னிக்கே செத்துடும்," என்றாள். "நீயும் வாயத் தொறக்காத. அவன் உசுரோட கீற வரைக்கும் தொறக்காத."

அவள் விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு மேல் அறையில் சில மாதம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது, அவளே ஒத்துக்கொண்டாள் என்று. ஒரு பார்ட்டியும் வரவில்லை. ராகேஷுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, அவனோடு போய்விட்டாள். அங்கே ஒரு கம்பெனியில் மற்றவர்கள் சால்டர் வைத்த போர்டைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற வேலை. அதற்குக் கண் போதும். போன மாசிக்கு முந்தின மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனாள். ரவிச்சந்திரனுக்கு முன்னால் போய்விட்டாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓசூர் போன பிறகும் போனில் பேசுவாள், திட்டுவாள், உடம்பைக் கேட்பாள். ஆனால் ஒரு வேலை செய்து கொடு என்று என்னைக் கேட்டதில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன கேட்பாள்? அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்தச் சாயங்காலம்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப் போடக் கூப்பிடுவதற்கு முன்னால். கை உப்பித் துணிமூட்டை மாதிரி மடியில் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என் சட்டையை இடது கையால் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, நான் தொடச்சது பிராசஸர் மேல இருந்த பிளாக்கதான். கார்டு மேல இன்னொண்ணு கீது. அதத் தொறக்கவே இல்ல. அதுலயும் குங்குமம் ரொம்பிகினு இருக்கும். நாளைக்கு அந்த பெங்களூர் ஆளு தொறப்பான், ரவிச்சந்திரன் பாத்துடுவான். அவன் இப்ப வட்டம் கால்ல வுழப் போயிருப்பான், ஊட்டுல இருக்க மாட்டான். நீ இப்பவே வெள்ளானூர் போ. பின்பக்கமா போ. அந்தப் பொண்ணு துணி எடுத்துக்கறேன்னு சொல்லும், எடுக்க வுடாத. கட்டுன பொடவையோட வண்டில ஏத்தி, பூந்தமல்லில அவங்கம்மா ஊரு பஸ்ஸு இன்னாவோ அதுல குந்த வச்சிட்டு, பஸ்ஸு கெளம்புற வரைக்கும் அங்கியே நில்லு."